மீட்டர் முள் விட்டுவிட்டு விழுகிறதா? எர்த்தா, சோல்டரா, புதுப்பேட்டை போர்டா?

முழுதாகச் செத்துப்போன மீட்டரைச் சரிசெய்வது சுலபம். விட்டுவிட்டு வேலை செய்கிற மீட்டர்தான் ஆளைப் படுத்தும். ரோட்டில் பெட்ரோல் முள் பொத்தென்று விழும், டேஷ்போர்டில் ஒரு தட்டு தட்டினால் எழுந்து நிற்கும், எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோகும் அன்றைக்கு மட்டும் சமர்த்தாக இருக்கும். உடனே நாலு பேர் நாலு வழி சொல்வார்கள்: எர்த்தை, அதாவது கரன்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பைச் சுத்தம் பண்ணு, மீட்டர் போர்டைக் கழற்றி ஈயம் வைத்துப் பற்றவை, பழைய போர்டு வாங்கி மாற்று, தனியாக ஒரு மீட்டர் மாட்டு. மாருதி 800 மாதிரி, கேபிளில் ஓடும் ஸ்பீடோமீட்டரும் சாதாரண முள் மீட்டர்களும் உள்ள வண்டிகளை மனதில் வைத்து இந்த நான்கையும் எடைபோட்டுப் பார்க்கிறேன்.

அதற்கு முன்னால், எந்தெந்த முள் சேர்ந்து விழுகிறது என்று கவனியுங்கள். எச்சரிக்கை விளக்குகள் உட்பட எல்லாம் ஒன்றாக அணைந்தால் ஃப்யூஸ், சாவியிலிருந்து வரும் சப்ளை, எர்த் இந்த மூன்றில் ஒன்று. பெட்ரோலும் டெம்பரேச்சரும் மட்டும் ஜோடியாகச் சொதப்பினால், அந்த இரண்டுக்கும் சீரான வோல்டேஜ் கொடுக்கிற ஸ்டெபிலைசர் மேல் சந்தேகம். ஒரே ஒரு முள் என்றால் அதன் சென்டர் (அளவை உணர்ந்து மீட்டருக்குச் சொல்லும் சென்சார்), அதற்குப் போகும் வயர், அல்லது போர்டில் அதன் இணைப்பு. ஸ்பீடோ முள் மட்டும் ஆடினால் கேபிள் காய்ந்திருக்கும் அல்லது மடங்கியிருக்கும். அதற்கு இந்த வழிகள் எதுவும் உதவாது.

பெட்ரோல் முள் மட்டும் தகராறு செய்தால் போர்டைத் தொடும் முன் ஒரு சோதனை. சாவி ஆஃபில் இருக்கும்போதே டேங்க் ஃப்ளோட்டுக்கு (பெட்ரோலில் மிதந்து அளவு சொல்லும் சென்டர்) போகும் வயரைக் கழற்றி பாடியில் இறுக்கமாகத் தொடுத்துவிட்டு, அப்புறம் சாவியைப் போடுங்கள். டேங்க் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது, அதனால்தான் இந்த வரிசை. முள் ஒரு கோடிக்குப் போகும், வயரைத் தொடுக்காமல் விட்டால் எதிர்க் கோடிக்குப் போகும். எது எந்தக் கோடி என்பது வண்டிக்கு வண்டி மாறும். இரண்டுக்கும் ஒழுங்காக நகர்ந்தால் மீட்டரும் வயரும் சரி, கோளாறு ஃப்ளோட்டில். முள் நகர்ந்ததும் சாவியை ஆஃப் செய்துவிடுங்கள். ரொம்ப நேரம் விட்டால் மீட்டருக்குள் இருக்கும் சூட்டுக்கம்பி கருகிவிடும்.

சரி, முதல் வழி எர்த். இண்டிகேட்டர் போட்டால் அதன் தாளத்துக்கு முள்ளும் துடிக்கிறதா? ஹெட்லைட் போட்டதும் பெட்ரோல் அளவு மாறுகிறதா? அப்படியானால் வேறெங்கும் தேட வேண்டாம். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பை மீட்டர் போர்டின் எர்த் வயரிலும் வைத்து, சாவியையும் லைட்டையும் போட்டுப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அந்த எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போக உப்புத்தாளால் தேய்த்து இறுக்க வேண்டும். போர்டில் வயர்களைச் செருகும் கப்ளரின் பின்களுக்குக் காண்டாக்ட் கிளீனர் அடித்தால் போதும். செலவு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, எதுவும் கெட்டுப்போகவும் வழியில்லை. மற்ற மூன்றில் எதைச் செய்வதாக இருந்தாலும் இதை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

எர்த் சரியாக இருந்து, தட்டினால் மட்டும் முள் எழுந்தால் போர்டு பழுதுதான் என் தேர்வு. நான்கில் பொறுமை அதிகம் கேட்பது இதுதான், பலன் அதிகம் தருவதும் இதுதான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஸ்பீடோ கேபிளின் கிளிப்பை அமுக்கி விடுவித்து, போர்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். செம்புக் கோடுகள் ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் இருந்தால், மீட்டரைப் பிடித்திருக்கும் குட்டி நட்டுகள் வழியாகத்தான் கரன்ட் போகிறது. வருஷக்கணக்கான அதிர்வில் அவை தளர்ந்திருக்கும். கழற்றித் துடைத்து மிதமாக இறுக்குங்கள், முறுக்கினால் செம்பு கிழியும். ஃபிலிம் மேல் சோல்டரிங் அயர்னை வைக்கவே கூடாது, சுருங்கிவிடும். கெட்டியான பிசிபி (செம்புக் கோடுகள் பதித்த அட்டை) என்றால் கப்ளர் பின்களின் அடியை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். பின்னைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை போல மங்கலான வட்டம் தெரிந்தால் அதுதான் விரிசல். காலையில் வேலை செய்யாத முள் வண்டி சூடானதும் எழுவதற்கு, அல்லது வெயிலில் நிறுத்தி எடுத்ததும் விழுவதற்கு, பெரும்பாலும் இந்த வட்டம்தான் காரணம். ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவிப் புது ஈயம் விட்டால் தீர்ந்தது.

ஸ்டெபிலைசரையும் இங்கேயே பார்த்துவிடலாம். பழைய மினி, எம்ஜிபி போன்ற பிரிட்டிஷ் கார்களிலும், வோக்ஸ்வாகன் கோல்ஃப் முதல் இரண்டு தலைமுறைகளிலும் இது 10 வோல்ட். உள்ளே அறுந்துபோனால் இரண்டு முள்ளும் விழும். அதற்கு எர்த் விட்டுப்போனால் நேர்மாறாக இரண்டுமே ஏறிவிடும், இன்ஜின் கொதிக்காமலே கொதிப்பதாகக் காட்டும். 10 வோல்ட் வண்டிகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும், 10 வோல்ட்டைச் சீராகக் கொடுக்கும் 7810 ஐசி போதும்.

பழைய போர்டை அப்படியே மாற்றுவதுதான் ஊரில் அதிகம் நடப்பது. சென்னையில் பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனால் தேடிக் கொடுத்துவிடுவார்கள், வேலையும் சீக்கிரம் முடியும். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. வாங்குகிற போர்டும் அதே வயசு, அதே வியாதி. வெளியே ஒரே மாதிரி இருந்தாலும் வேறு வருஷ மாடல் என்றால் பின் வரிசை மாறியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், இன்னொரு வண்டி ஓடிய கிலோமீட்டர் உங்கள் டேஷ்போர்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். விற்கும்போது வாங்குபவருக்கு விளக்கம் சொல்ல வேண்டும். போர்டு எரிந்தோ உடைந்தோ போயிருந்தால் சரி. அப்போதும் அதிலிருந்து மீட்டரை மட்டும் எடுத்துப் போட முடியுமா என்று பாருங்கள்.

தனி மீட்டர் விஷயத்தில் பெட்ரோலுக்கு வேண்டாம், டெம்பரேச்சருக்கு வேண்டும் என்பேன். கடையில் வாங்கும் பெட்ரோல் மீட்டரும் உங்கள் ஃப்ளோட்டின் ஓம் (மின்தடை) கணக்கும் பொருந்துவது அபூர்வம். கிலோமீட்டரைக் கணக்கு வைத்துக்கொண்டே பெட்ரோலைச் சமாளிக்கலாம். டெம்பரேச்சர் முள்ளை நம்ப முடியாமல் ஏற்காடோ கொடைக்கானலோ ஏறினால், இன்ஜின் சூடேறிக் கெடுக்கும் ஹெட் கேஸ்கெட்டுக்குத் தண்டம் கட்ட நேரிடும். வாங்கினால் அதற்கான சென்டரையும் சேர்த்தே வாங்குங்கள். இருக்கிற சென்டரிலிருந்து இரண்டாவது மீட்டருக்கு வயர் இழுத்தால் இரண்டுமே தப்பாகக் காட்டும். புது சென்டரும் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும்; கூலன்ட் ஒழுகிப்போய் வெறும் ஆவியில் நின்றால் குறைத்துக் காட்டக்கூடும். அதனால் ரேடியேட்டரை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, திறந்து பார்க்கிற வேலை தனி மீட்டர் மாட்டிய பிறகும் இருக்கும்.