கோடை முகாமுக்குக் களிமண்ணா, காகிதக்கூழா?

கோடைக் கலை முகாமில் குழந்தைகளுக்கு எதைக் கற்பிப்பது என்று தயங்கும் ஆசிரியர்களுக்காக இந்த ஒப்பீடு.

செலவு: இரண்டுமே மலிவு. களிமண் குயவரிடம் கிடைக்கும். காகிதக்கூழுக்குப் பழைய செய்தித்தாளும் மைதாப் பசையும் போதும்.

எளிமை: களிமண்ணில் 5 வயதுக் குழந்தையும் முதல் நாளே ஒரு யானையைச் செய்துவிடும், காகிதத்தையோ இரவு முழுதும் ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, பசை சேர்த்துப் பிசைய வேண்டும்.

உறுதி: சுடாத களிமண் மே மாத வெயிலில் வெடிக்கும்; தும்பிக்கையை வெறுமனே அழுத்தி ஒட்டினால் காய்ந்ததும் கழன்றுவிடும் என்பதால், இரு பக்கமும் கீறி, குழைத்த மண்ணைத் தடவி இணைத்து, நிழலில் உலர்த்தக் குழந்தைகளை அவசியம் பழக்க வேண்டும். காகிதக்கூழ் எளிதில் உடையாது, ஆனால் காய்வதற்குச் சில நாள்கள் ஆகும்.

ஆகவே சின்னஞ்சிறுவருக்கும் ஓரிரு நாள் முகாமுக்கும் களிமண்ணே ஏற்றது. ஒரு வார முகாமில் பெரிய பிள்ளைகள் முகமூடி செய்து வண்ணம் தீட்டி வீட்டுக்கு எடுத்துச் செல்லக் காகிதக்கூழே பொருந்தும்.