எகிப்தின் முகமூடியா, ஏதென்ஸின் குதிரைமூடியா?

மூடி என்றால் வெறும் அடைப்புதான் என்பவர்கள் இந்த இரண்டு பழங்கால மூடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எகிப்தின் கனோபிக் ஜாடிகளில் இறந்தவரின் உள்ளுறுப்புகளைப் பதப்படுத்தி வைத்தார்கள். முதலில் மூடிகள் சாதாரணமாகவே இருந்தன. பிறகு மனிதத் தலைகள் வந்தன. புதிய அரசுக் காலத்தில் (சுமார் கி.மு. 1550–1070) ஹோரஸ் என்ற கடவுளின் நான்கு மகன்கள் காவலுக்கு ஏறினார்கள்: கல்லீரலுக்கு மனித முகம், நுரையீரலுக்கு பபூன் குரங்கு, வயிற்றுக்கு நரி, குடலுக்கு வல்லூறு. எழுத்தே தெரியாதவருக்கும் உள்ளே இருப்பது என்னவென்று மூடி சொல்லிவிடும். 1922இல் கண்டுபிடித்த எகிப்திய மன்னன் துட்டன்காமன் கல்லறையிலோ நான்கிலும் அரச முகம்தான். வெண்கல்லில் செதுக்கிய முகம். கண்ணுக்குக் கறுப்பு, உதட்டுக்குச் சிவப்பு. அதைப் பார்க்கும்போது ஜாடி நினைவுக்கே வராது.

ஏதென்ஸின் பிக்சிஸ் தட்டையான வட்டப் பெட்டி. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் செய்த சிலவற்றின் மூடிமேல் களிமண் குதிரைகள் நிற்கும், ஒன்றிலிருந்து நான்கு வரை. குதிரை வளர்ப்பது செல்வர்களால் மட்டுமே முடிந்த காலம் அது. இவையும் கல்லறைகளில் கிடைத்தவையே.

பொருள் பொதிந்தது எகிப்தியது. ஆனால் என் மனம் குதிரைகளிடமே போகிறது. அவை நிற்கும் மூடி, மூடி என்பதை மறக்கவில்லை: அந்தப் பெட்டிகள் பலவற்றில் மூடியிலும் விளிம்பிலும் சிறு துளைகள் உண்டு, கயிறு கோத்துக் கட்டுவதற்கு.