'ரெண்டர் ஃபார்ம் லைசென்ஸ்' என்று 57,000 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை

கோவையில் சின்னதாக ஒரு ஆஃபீஸ் வைத்திருக்கிறேன். கட்டப்போகும் வீடுகளுக்கும் அபார்ட்மென்ட்களுக்கும் உள்ளே நடந்து பார்ப்பது போன்ற வாக்த்ரூ வீடியோ செய்து கொடுப்பது தொழில். என்னையும் சேர்த்து நான்கு பேர் டிசைனில், பில் போட ஒரு பெண். நாங்கள் வேலை செய்வது பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில். மூன்று நிமிட வீடியோ என்றால் விநாடிக்கு 25 ஃபிரேம் வீதம் 4,500 ஃபிரேம். ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்ய, அதாவது கணினி அதைக் கணக்கிட்டுப் படமாக்க, ஆறு நிமிடம் பிடித்தால் 450 மணி நேரம். ஒரே சிஸ்டத்தில் ஓட்டினால் பத்தொன்பது நாள் ஆகிவிடும். எந்த பில்டர் அதுவரை பொறுப்பார்? எல்லா சிஸ்டத்தையும் நெட்வொர்க்கில் சேர்த்து வேலையைப் பங்குபோட்டு ரெண்டர் செய்ய வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. அப்படிச் சேர்த்ததற்குத்தான் ரெண்டர் ஃபார்ம் என்று பெயர்.

எங்களுக்கு வழக்கமாக சிஸ்டம் சப்ளை செய்கிறவரிடம் கேட்டேன். பெயர் வேண்டாம். "ரெண்டர் ஃபார்ம் சாஃப்ட்வேர் இருக்குதுங் சார், வெளிநாட்டு லைசென்ஸ், ஒரு சிஸ்டத்துக்கு 9,500. ஒண்ணும் யோசிக்காதீங்க, எல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்க" என்றார். இருந்த நான்கு சிஸ்டத்தோடு புதிதாக இரண்டு. ஆக ஆறு லைசென்ஸுக்கு 57,000, சிஸ்டங்களுக்குத் தனிக் காசு. சாஃப்ட்வேரின் பெயர் என்ன என்று நான் கேட்கவே இல்லை. மளிகைக் கடையில் துவரம்பருப்புக்குக்கூடப் பிராண்ட் கேட்கிற ஆள் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். ஆறு சிஸ்டத்திலும் டெஸ்க்டாப்பில் அவர்கள் கடைப் பெயரில் ஒரு ஐகான். அழுத்தினால் எழுத்துகள் ஓடும் கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். வேலையைப் பிரித்துக் கொடுக்கிற 'மேனேஜர்' என்ற புரோகிராமை ரிசப்ஷனில் பில் போடும் கணினியில் போட்டிருந்தார்கள். "கறுப்பு ஜன்னலை மட்டும் மூடிடாதீங்க" என்பதுதான் மொத்தப் பயிற்சியும்.

முதல் வேலையைத் திங்கள் மாலை அனுப்பினேன். செவ்வாய் காலை வந்து பார்த்தால் ஒவ்வொரு சிஸ்டமும் சில ஃபிரேம்களை முடித்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருக்கிறது. பில் போடும் பெண் ஆறு மணிக்குத் தன் கணினியை ஆஃப் செய்துவிட்டுப் போயிருக்கிறார். "அந்தக் கறுப்பு ஜன்னல் வைரஸ்னு நெனச்சேன் சார்" என்றார். அவரை என்ன சொல்ல முடியும்? மேனேஜர் இல்லாவிட்டால் மற்ற சிஸ்டங்களுக்கு அடுத்த வேலை வராது. சாயங்காலம் அணைக்கிற கணினியில் போய் அதை வைத்தவரைத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள் ரெண்டர் ஓடியது. ஆனால் பத்து ஃபிரேம் நன்றாக இருந்தால் அடுத்த பத்து ஃபிரேமில் சுவர், தரை, சோஃபா எல்லாம் பளீரென்று ரோஸ் நிறம். பிளெண்டருக்கு டெக்ஸ்ச்சர் கோப்பு, அதாவது சுவர், தரை மேல் ஒட்டுகிற படம், கிடைக்காவிட்டால் அப்படித்தான் காட்டும். இது எனக்கே தெரியும். ஆனால் ஏன் கிடைக்கவில்லை? சப்ளையரைக் கூப்பிட்டேன். "நெட்வொர்க் ஸ்லோ சார், சுவிட்ச் மாத்தணும்" என்று 4,200 ரூபாய்க்குப் புது சுவிட்ச் வைத்தார். அதற்கப்புறமும் ரோஸ்தான்.

ராத்திரி உட்கார்ந்து நானே தோண்டினேன். பிளெண்டர் கோப்பைப் பொது டிரைவில் வைத்து அங்கிருந்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அப்படி அனுப்பினால் கோப்பு இருக்கிற இடத்திலேயே பயன்படும், டெக்ஸ்ச்சர்களைச் சேர்த்து மூட்டை கட்டாது. என் டெக்ஸ்ச்சர்களோ என் சிஸ்டத்தின் டி டிரைவில். மற்ற சிஸ்டங்களுக்கு அந்த டி டிரைவ் எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் பொது டிரைவுக்கு மாற்றியதும் ரோஸ் போனது. சுவிட்சுக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

அப்புறமும் நிறம் துள்ளியது. சில ஃபிரேம்களில் வெளிச்சமும் மரப் பளபளப்பும் வேறு மாதிரி. இதில் என் தப்பும் உண்டு. நான் 4.2 பதிப்பில் வேலை செய்கிறேன், பழைய சிஸ்டங்களில் இரண்டில் 3.6 இருந்தது. 4.0 பதிப்பில்தான் பிளெண்டர் ஃபில்மிக் என்ற பழைய வண்ண முறையை விட்டு ஏஜிஎக்ஸ் என்ற புதியதை இயல்பாக்கியது, பொருள்களின் நிறம், பளபளப்பைத் தீர்மானிக்கும் முக்கிய மெட்டீரியல் நோடையும் மாற்றி அமைத்தது. 3.6-க்கு இரண்டும் புரியாது. விண்டோஸில் அந்த சாஃப்ட்வேர் வேறெதுவும் சொல்லாவிட்டால், பிளெண்டர் கோப்பை அந்த சிஸ்டத்தில் எந்தப் பதிப்பு திறக்குமோ அதையே எடுத்துக்கொள்ளும். ஆறிலும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது மாட்டுகிறவரின் முதல் வேலை. அவர் பார்க்கவில்லை.

இந்தத் தோண்டலில்தான் பெயர் வெளியே வந்தது. மேனேஜர் கணினியில் பிரௌசரைத் திறந்து 8080 போர்ட்டுக்குப் போனால் பக்கத்தின் தலையில் 'ஃப்ளமெங்கோ' என்று இருக்கிறது. பிளெண்டர்காரர்களே, ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் பிளெண்டர் ஸ்டுடியோவில், உருவாக்கிய திறமூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், எத்தனை சிஸ்டத்தில் வேண்டுமானாலும் போடலாம். லைசென்ஸ் கட்டணம் பூஜ்யம். ஐகானின் பெயரை மாற்றித்தான் 57,000 வாங்கியிருக்கிறார்.

இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்துக் காசு வாங்குவது குற்றமில்லை. ஃப்ளமெங்கோவுக்கு இருக்கிற ஜிபிஎல் என்ற திறமூல உரிமமே விற்பதை அனுமதிக்கிறது. "மாட்டிக் கொடுக்க இருபதாயிரம்" என்று கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். இல்லாத லைசென்ஸைத் தலைக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கியதுதான் ஆறவில்லை.

இதைவிடப் பயந்தது ரௌட்டரைப் பார்த்தபோது. தன் கடையிலிருந்தே கவனிக்க வசதியாக, மேனேஜர் பக்கத்துக்குப் போகும் வாசலான அந்த 8080 போர்ட்டை சப்ளையர் இணையத்துக்குத் திறந்துவிட்டிருந்தார். ஃப்ளமெங்கோவின் மேனேஜர் பக்கத்துக்கு பாஸ்வேர்டே கிடையாது. நம்பகமான உள் நெட்வொர்க்குக்கென்று செய்தது. அங்கே வந்துசேர்கிற யாரும் நம் சிஸ்டங்களுக்கு வேலை கொடுக்கலாம். கட்டளைகளை ஓட்டுவதுதானே அதன் வேலை! வாடிக்கையாளர்களின் பிளான் எல்லாம் அந்த சிஸ்டங்களில்தான் இருக்கின்றன. அன்றே மூடினேன். உங்கள் ஆஃபீஸில் யாராவது இப்படி மாட்டிக் கொடுத்திருந்தால் ரௌட்டரில் போர்ட் ஃபார்வார்டிங் பகுதியை இன்றே பாருங்கள்.

புது சிஸ்டங்களையும் விடவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, மெமரி 12 ஜிபி என்று பேச்சு. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பார்த்தால் 8 ஜிபி. அதே பெயரில் இரண்டு வகை கார்டு உண்டு. எங்கள் சீன் பத்து ஜிபி கேட்கும். அந்த இரண்டு சிஸ்டம் மட்டும் ஏன் முக்கி முனகின என்பது அப்போதுதான் விளங்கியது.

பில்லை எடுத்தேன். பில் இல்லை, 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த மஞ்சள் தாள். ஜிஎஸ்டி எண் இல்லை, கார்டு எத்தனை ஜிபி என்று எழுதவில்லை, 'சாஃப்ட்வேர் லைசென்ஸ் - 6' என்று மட்டும். "பில் போட்டா பதினெட்டு பர்சென்ட் சேரும் சார்" என்றபோது தலையாட்டியவன் நான்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். தெரிந்த வக்கீல் ஒருவர் ஒரு சிக்கலைச் சொன்னார்: 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார், சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியதற்கு மட்டும் விலக்கு உண்டு. சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்பது வாதத்தைப் பொறுத்ததாம். மஞ்சள் தாளும், பணம் அனுப்பிய ஜிபே பதிவும், வாட்ஸ்அப்பில் "லைசென்ஸ் ஆக்டிவேட் ஆயிருச்சுங்" என்று அவர் அனுப்பிய செய்தியும் கைவசம் இருக்கின்றன.

நேற்று அவரே கூப்பிட்டார். ஏஎம்சி என்கிற வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் லைசென்ஸ் காலாவதியாகி ரெண்டர் நின்றுவிடும் என்றார், 18,000. அவர் பேசி முடிக்கும்வரை திரையில் ஃபிரேம்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. "பெயரை மட்டும் சொல்லுங்க, அது என்ன சாஃப்ட்வேர்?" என்று கேட்டேன். "திருப்பிக் கூப்பிடறேனுங்" என்று வைத்துவிட்டார்.