சிஸ்டர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க

புதிதாக நியூரோ தியேட்டர் அமைக்கும் ஜூனியர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சார், எண்டோஸ்கோபிக்கு நேவிகேஷன் வாங்கலாமா?" ஆபரேஷன் நடக்கும்போது கருவியின் நுனி தலைக்குள் எங்கே இருக்கிறது என்று ஸ்கேன் படத்தில் காட்டும் மெஷின்தான் இந்த நேவிகேஷன். கேட்ட நேரம் சரியில்லை. எங்கள் மெஷினின் கேமரா பழுதாகிப் போய், மூன்று வாரம் கழித்து அன்றைக்குத்தான் திரும்பி வந்திருந்தது.

ஐந்து வருடமாகப் பயன்படுத்துகிறேன், பெரும்பாலும் மூக்கு வழியாக எடுக்கும் பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பி) கட்டிகளுக்கு. என் கோபமெல்லாம் ஒரே விஷயத்தில்தான். ஸ்டாண்டில் நிற்கும் அந்த இரட்டைக் கண் கேமரா, கருவியில் மாட்டிய குட்டிப் பந்துகளில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியை வைத்துத்தான் நுனி எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடும். நடுவில் ஒரு தலை வந்தால் போச்சு. மூக்கு வழி சர்ஜரியிலோ நான், எண்டோஸ்கோப் பிடிக்கும் இ.என்.டி. டாக்டர், சிஸ்டர் என மூன்று பேரும் ஒரு முகத்தைச் சுற்றித்தான் நின்றாக வேண்டும். ஒரு கேஸில் "சிஸ்டர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று எத்தனை தடவை சொல்வேனோ! பாவம், அவர் எங்கே போவார்? பந்தில் ஒரு துளி ரத்தம் பட்டாலும் இதே கதைதான். காந்தப்புலத்தில் இயங்கும் வகைக்கு இந்த மறைப்புத் தொல்லை கிடையாது. அது பக்கத்தில் இருக்கும் இரும்புச் சாமானைக் கண்டு தடுமாறும்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். பிட்யூட்டரியை அடைய நாங்கள் கடந்து போகும், மூக்குக்குப் பின்னால் உள்ள ஸ்பீனாய்டு குழிக்குள் இருக்கும் தடுப்பெலும்பு நடுவில்தான் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. பலருக்கு அது சாய்ந்து போய் நேரே, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் ரத்தக்குழாயின் மேல் முடியும். ஏற்கெனவே ஒரு தடவை ஆபரேஷன் ஆன மூக்கு என்றால் அந்த அடையாளமும் இருக்காது, எல்லாம் தழும்பு. அங்கே இந்த மெஷின் 'நடுக்கோடு இங்கே' என்று காட்டும்போது வரும் நிம்மதி இருக்கிறதே, அதற்காக எத்தனை திட்டினாலும் மன்னித்துவிடலாம்.

அப்புறம் வந்த அப்டேட்டில், எண்டோஸ்கோப் படத்தின் மேலேயே கரோட்டிட்டையும் பார்வை நரம்பையும் வண்ணக் கோடாக வரைந்து காட்டுகிறது. பார்க்க அழகு. ஆனால் அது ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஸ்கேனைப் பார்த்து வரைந்த கோடு. எலும்பு அசையாது, அதுவரை சரி. கட்டியைச் சுரண்டச் சுரண்ட மேலே இருக்கும் சவ்வு கீழே இறங்கிவிடும், கோடு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். அதனால் டியூரா என்ற மூளை உறையைத் திறக்கும் முன், ரத்த ஓட்டத்தைச் சத்தமாக மாற்றித் தரும் டாப்ளர் கருவியை வைத்துக் கரோட்டிட்டின் சத்தத்தைக் காதால் கேட்டுவிடுவேன். இன்னொரு பக்கம் ஆராய்ச்சியாளர்கள், ஸ்கேனை விட்டுவிட்டு எண்டோஸ்கோப் வீடியோவையே படிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்கள். ஆபரேஷன் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, கையில் என்ன கருவி என்று கண்டுபிடிக்க 2023-ல் பிட்விஸ் என்று போட்டியே நடந்தது. லென்ஸில் ரத்தம் படிந்தால் அந்தக் கம்ப்யூட்டருக்கும் கண் தெரியாதுதானே!

ஜூனியரிடம் "வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். கேமரா இல்லாத அந்த மூன்று வாரத்தில், இரண்டாவது முறை திறக்க வேண்டிய இரண்டு கேஸ்களை நான் தள்ளிப்போட்டதை மட்டும் சொல்லவில்லை.