கோவை பிசினஸ் மீட்டுகள்: ஒரு அட்டைப்பெட்டிக்காரியின் மதிப்பெண்

கோவையில் சிறுதொழில் நடத்துகிறவர் போனில் மாதம் நாலைந்து அழைப்பாவது வந்துவிடும். நெட்வொர்க்கிங் மீட், கான்க்ளேவ், சம்மிட் என்று பெயர்தான் மாறும். அவினாசி ரோட்டு ஓட்டல் ஹால்களில் பாதி இவற்றை நம்பித்தான் ஓடுகின்றன என்பது என் சந்தேகம்.

நான் கணபதிப் பக்கம் அட்டைப்பெட்டி யூனிட் நடத்துகிறேன். மாமனார் ஆரம்பித்தது. மூன்று பிளை, அதாவது மூன்று அடுக்குக் காகிதம், ஐந்து பிளை, கேட்டால் ஏழு பிளையும் உண்டு. பம்ப், மோட்டார், வெட் கிரைண்டர் கம்பெனிகள்தான் பெரும்பாலும் வாடிக்கை. ஆர்டருக்கு இரண்டு மூன்று கம்பெனிகளையே நம்பியிருப்பது ஆபத்து என்பதால், கொஞ்ச காலமாக இந்தச் சந்திப்புகளுக்குப் போய் வருகிறேன். எது நேரத்துக்கும் காசுக்கும் தகும் என்று என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். நான் கம்பெனிகளுக்கு விற்கிறவள். வீடுகளுக்கு விற்கிறவர்கள் கணக்கு வேறாக வரும்.

எங்கே போனாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான். இந்த ஹாலில் பெட்டி வாங்குகிறவர் யாராவது இருக்கிறாரா? இல்லாவிட்டால், அவருக்கு வேறு ஏதாவது சப்ளை செய்கிறவராவது இருக்கிறாரா? ஸ்டிக்கர் அடிப்பவர், தெர்மாகோல் மோல்டிங் போடுபவர், மரப் பேலட் செய்பவர், டிரான்ஸ்போர்ட்காரர் இவர்கள் எல்லாம் பர்ச்சேஸ் ஆபீஸ் வாசலில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள். எந்த மேனேஜர் புதிது, எந்தக் கம்பெனியில் பழைய பெட்டிக்காரரோடு தகராறு என்று அவர்களுக்குத் தெரியும்.

முதலில் வாராந்திர காலை டிபன் குழு. பெயர் வேண்டாம், இந்த மாதிரி பல குழுக்கள் ஊரில் உண்டு. காலை ஏழு மணிக்கு முன்னால் ஓட்டலில் இருக்க வேண்டும். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் சேர முடியும். எழுந்து நின்று ஒரு நிமிடத்துக்குள் நம் தொழிலைச் சொல்ல வேண்டும். பிறகு ஒருவருக்கொருவர் பரிந்துரை கொடுக்க வேண்டும், போன வாரம் கிடைத்த வியாபாரத்துக்கு மைக்கில் தொகையைச் சொல்லி நன்றி கூற வேண்டும். எல்லாரும் கை தட்டுவார்கள். நுழைவுக் கட்டணம், வருடச் சந்தா, வாராவாரம் டிபன் காசு என்று கூட்டினால் என் யூனிட்டில் ஒரு ஹெல்பரின் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடும்.

அங்கே இருந்தவர்கள் இன்டீரியர்காரர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஆடிட்டர், கல்யாண போட்டோகிராபர், மரச்செக்கு எண்ணெய்க்காரர், கேக் கடைக்காரர், வெப்சைட் செய்பவர். நல்ல மனிதர்கள், அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்ச நாள் கவனித்தால் பணம் எப்படிச் சுற்றுகிறது என்று தெரிந்துவிடும். கேக் கடைக்காரர் பாலிசி எடுப்பார். இன்சூரன்ஸ்காரர் மகள் பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவார். இரண்டுக்கும் மைக்கில் நன்றி, இரண்டுக்கும் கைதட்டல். வாரக் கணக்கு ஏறிக்கொண்டே போகும், ஹாலுக்கு வெளியிலிருந்து வந்த பணம் எவ்வளவு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பரிந்துரை கொடுக்காத வாரம் முகம் சுண்டும் என்பதால், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி ஒருவர் சொந்த மச்சானின் நம்பரையே எனக்குக் கொடுத்தார். மச்சானுக்கு வீடு மாற இருபது பெட்டி வேண்டுமாம். பழைய சரக்கிலிருந்து எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

அந்த இன்டீரியர்காரருக்கு மட்டும் அங்கே நிஜமாகவே வேலை கிடைத்தது. ஆடிட்டர் புது வீடு கட்டும் கட்சிக்காரர்களை அனுப்புகிறார், போட்டோகிராபருக்குக் கல்யாண வீடுகள் தெரியும். மனிதர்கள் நேரடியாக வாங்கும் தொழிலாக இருந்தால், கையில் நல்ல பேச்சும் இருந்தால், தாராளமாகச் சேருங்கள். எனக்கு ஆர்டர் கொடுப்பவர் பர்ச்சேஸ் மேனேஜர். அவர் காலை ஏழு மணிக்கு எந்த ஓட்டலிலும் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டு இருக்க மாட்டார். என் வரையில் பத்துக்கு மூன்று, அதில் ஒன்று பொங்கலுக்கு.

விருது விழாக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "மேடம், நீங்க சிறந்த பெண் தொழில்முனைவோர் விருதுக்குத் தேர்வாகியிருக்கீங்க" என்று போன் வரும். நாம் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டோம். இரண்டாவது போனில் மேஜைக்கு இவ்வளவு, மலரில் விளம்பரத்துக்கு இவ்வளவு என்று தொகை வரும். போனை வைத்துவிடுங்கள்.

பெண் தொழில்முனைவோர் சந்திப்புகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. சிலவற்றில் பெண் என்றால் மசாலாப் பொடியோ சுடிதாரோதான் விற்பாள் என்று முடிவு கட்டியே ஸ்டால் போடுகிறார்கள். "நீங்க என்னங்க பண்றீங்க?" என்று கேட்டவரிடம் அட்டைப்பெட்டி என்றேன். "ஓ, கிஃப்ட் பாக்ஸா, ரிப்பன் எல்லாம் கட்டுவீங்களா?" என்றார். ஆனால் பேங்க் மேனேஜர்களும் மாவட்டத் தொழில் மைய அதிகாரிகளும் வந்து உட்காரும் கூட்டம் என்றால் போகலாம். நீட்ஸ் போன்ற மானியத் திட்டத்துக்குப் புரோக்கர் இல்லாமல் எப்படி மனு போடுவது என்று நேரில் கேட்டுவிடலாம்.

இனி நான் விடாமல் போகிற இடங்களுக்கு வருகிறேன். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் வளர்ச்சி அலுவலகங்கள் நடத்தும் வெண்டர் டெவலப்மென்ட் கூட்டங்கள் பலருக்குத் தெரிவதில்லை. பொதுத்துறை நிறுவனங்களின் கொள்முதல் அதிகாரிகள் வந்து, தாங்கள் என்னென்ன வாங்குகிறோம் என்று சொல்வார்கள். அதாவது மேடையில் இருப்பவரே வாங்குகிறவர். காலையில் குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் நம் ஊர் மேடைகளுக்கே உரிய முறையில் நடக்கும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கு அப்புறம்தான் விஷயம்.

2012 கொள்முதல் கொள்கைப்படி மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் குறு, சிறு தொழில்களிடமிருந்து வருடக் கொள்முதலில் ஒரு பங்கு வாங்கியாக வேண்டும். ஆரம்பத்தில் 20 சதவீதம், இப்போது 25. அதில் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு, 4 சதவீதம் எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோருக்கு. இதுபோக 358 பொருட்களைச் சிறு தொழில்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் அட்டைப்பெட்டியும் உண்டு. எங்கள் தெருவிலேயே பெட்டி செய்கிற நான்கு பேருக்கு இது தெரியாது. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இருந்தால் டெண்டர் படிவக் கட்டணமும் முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டியதில்லை.

ஒரு கூட்டத்துக்கு ஐந்து பிளை பெட்டி ஒன்றை மடித்து எடுத்துப் போயிருந்தேன். அதிகாரி விசிட்டிங் கார்டைத் தொடவே இல்லை. பெட்டியை வாங்கி ஓரத்தில் கட்டை விரலால் ஃப்ளூட்டை, அதாவது உள்ளே இருக்கும் நெளி காகிதத்தை, அழுத்திப் பார்த்தார். திருப்பி ஜாயின்ட்டைப் பார்த்தார். "பின் அடிச்சதாம்மா? எங்க ஸ்டோர்ஸ்ல ஈரத்துக்குத் துருப்பிடிக்கும், க்ளூ போட்டுக் கொடுக்க முடியுமா?" அடுத்த கேள்வி பிஎஃப் எவ்வளவு, காப் வேல்யூவுக்கு லேப் ரிப்போர்ட் இருக்கா என்று. பிஎஃப் என்றால் பர்ஸ்டிங் ஃபேக்டர், காகிதம் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பது. அது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் வாயில் வரும். காகிதம் எவ்வளவு ஈரம் உறிஞ்சுகிறது என்கிற காப் வேல்யூவுக்கு ரிப்போர்ட் வைத்திருப்பவர்கள் குறைவு. அந்த ஐந்து நிமிடம் டிபன் குழுவின் ஒரு வருடத்துக்குச் சமம்.

உடனே ஆர்டர் கிடைக்கும் என்று போகாதீர்கள். பெரும்பாலும் அரசுக் கொள்முதலுக்கான ஜெம் போர்ட்டலில் டெண்டர் போட்டுத்தான் வரும். விலைப்போட்டி கடுமை, தூரத்து டெலிவரிக்கு லாரி வாடகை லாபத்தைத் தின்னும். ஆனால் அவர்கள் கேட்ட தரத்துக்குப் பெட்டி செய்யப் பழகியதில் தனியார் கம்பெனிகளிடமும் என் பேச்சு எடுபடுகிறது. பத்துக்கு எட்டு.

எங்கள் தொழில் சங்கக் கூட்டங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹாலில் பாதிப் பேர் என் போட்டியாளர்கள். நான் முதலில் சொன்ன கேள்விப்படி இது தேறவே தேறாது. ஆனாலும் போவேன். 2025 செப்டம்பர் 22 முதல் அட்டைப்பெட்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், ஆனால் நாங்கள் வாங்கும் கிராஃப்ட் பேப்பருக்கு 18 சதவீதம். வாங்கும்போது கட்டிய வரியில், விற்கும்போது வசூலிக்கும் வரியில் கழித்ததுபோக மிச்சம் கிரெடிட்டில் தேங்கி நிற்கிறது. காகித மில்லுக்கோ உடனே பணம் கொடுத்தாக வேண்டும். இதற்கு ரீஃபண்ட் கேட்கலாம், ஆனால் மெஷினுக்கும் சர்வீஸுக்கும் கட்டிய வரி அந்தக் கணக்கில் வராது என்று ஒரு சாயங்காலக் கூட்டத்தில் ஆடிட்டர் ஒருவர் போர்டில் எழுதிக் காட்டினார். இன்னொருவர் 45 நாள் சமாச்சாரத்தை எடுத்தார். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். அதற்குள் குறு, சிறு உற்பத்தியாளருக்குப் பணம் தராதவர், அதைத் தருகிற வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டத்தில் கொண்டுவந்துவிட்டார்கள்.

இதெல்லாம் மைக்கில் நடந்தது. கூட்டம் முடிந்து டீ டம்ளரோடு வெளியே நின்றபோதுதான் உண்மையான பலன். எந்தக் கம்பெனி பேமென்ட் இழுக்கிறது, எது பெட்டியை இறக்கிக்கொண்டு சைஸ் சரியில்லை என்று விலை குறைக்கிறது என்பதெல்லாம் போட்டியாளர் வாயிலிருந்துதான் வரும். "அங்க மட்டும் போயிராதீங்கம்மா, எனக்கே எட்டு மாசமா நிக்குது" என்று ஒரு பெரியவர் சொன்னது எனக்கு ஒரு பெரிய ஆர்டரை விட மேல்.

கடைசியாகக் கண்காட்சி. 1969-ல் தொடங்கிய கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் அவினாசி ரோட்டு வளாகம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் இன்டெக் மெஷின்களுக்கானது. எனக்கு அதைவிட ஜூலை மாதம் நடக்கும் விவசாயக் கண்காட்சியான அக்ரி இன்டெக்ஸ் மேல், ஏனென்றால் பம்ப், மோட்டார், சொட்டுநீர்க்காரர்கள் எல்லாம் ஒரே கூரைக்கு அடியில். ஆனால் முதல் நாள் போய் ஸ்டால் ஸ்டாலாகக் கார்டு கொடுப்பதில் பயனில்லை. அது கண்ணாடிக் கிண்ணத்தில் விழுந்து அங்கேயே கிடக்கும். முதலாளி டீலர்களோடு நிற்பார். நாம் விற்க வந்தவர்கள் என்றதும் முகம் வேறு பக்கம் போய்விடும்.

நான் போவது கடைசி நாள் சாயங்காலம், ஸ்டாலைப் பிரிக்கிற நேரம். முன்பக்கம் இல்லை, பின்பக்கம். கொண்டுவந்த பெட்டிகளையெல்லாம் அங்கே பரப்பிப் போட்டுத் திரும்பக் கட்டிக்கொண்டிருப்பார்கள். பெட்டிக்காரிக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. எந்தப் பெட்டி மூலை நசுங்கியிருக்கிறது, எது ஜூலைச் சாரலில் ஊறித் தொய்ந்திருக்கிறது, எதற்கு டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருக்கிறார்கள் என்று கண்ணாலேயே பார்க்கலாம். அடிமடிப்பில் சின்ன எழுத்தில் பெட்டி செய்தவர் பெயரும் பெரும்பாலும் இருக்கும்.

அப்படி ஒரு தடவை, பம்பை உள்ளே இறக்கியதும் அடி பிளந்துகொண்ட பெட்டியோடு ஸ்டோர்ஸ்காரர் ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "ஏனுங்ணா, வெயிட்டுக்கு இது பத்தாதுங்களே, எத்தனை பிளைங்க?" என்று கேட்டேன். "மூணுங்க. நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன், ஆபீஸ்ல காதுலயே போட்டுக்கறதில்லைங்க" என்றார். ஐந்து பிளையில் ஒன்று செய்து அனுப்பட்டுமா என்றதற்குப் பர்ச்சேஸ் மேனேஜர் பெயரையும் நம்பரையும் அவரே கொடுத்தார், "நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்று வேறு. பக்கத்து ஸ்டாலில் தெர்மாகோல் ஏற்றிக்கொண்டிருந்த அண்ணனோடு பேச்சுக் கொடுத்ததில், அவர் அச்சுக்குச் சரியாக உட்காருகிற மாதிரி பெட்டி செய்து இருவரும் சேர்ந்தே இப்போது ஒரு வெட் கிரைண்டர் கம்பெனிக்குக் கொடுக்கிறோம். டிக்கெட் காசைத் தவிர வேறு செலவில்லை. பத்துக்கு ஒன்பது. பார்க்கிங்கில் வண்டி எடுக்க ஆகும் நேரத்துக்காக ஒன்று குறைத்தேன்.

புது அழைப்பு எதுவாக இருந்தாலும் நான் இப்போது ஏற்பாட்டாளருக்குப் போன் போட்டு, போன தடவை வந்தவர்கள் பட்டியலைக் கேட்கிறேன். நம்பர் வேண்டாம், கம்பெனி பெயரும் பதவியும் போதும். "எல்லா துறையிலிருந்தும் வருவாங்க மேடம்" என்றால் போக மாட்டேன். பட்டியலை அனுப்பிவிட்டால், அதில் பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், பேக்கிங் என்கிற பதவிகளைத் தேடுவேன். மேனேஜிங் டைரக்டர்கள் மட்டுமே நிறைந்த பட்டியல் என்றால் அது பெரும்பாலும் நம்மைப் போன்ற சின்ன முதலாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிற கூட்டம்தான்.

டிபன் குழுவிலிருந்து சந்தா புதுப்பிக்கச் சொல்லி இன்னும் கூப்பிடுகிறார்கள். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்துக் கையால் இயக்கும் பர்ஸ்டிங் டெஸ்டர் ஒன்று வாங்க விலை கேட்டிருக்கிறேன்.