ஆவணி மாதத்துத் திருகோணமலை: தண்ணியும் கரண்டும்

கட்டாரில் வருடத்துக்கு 100 மில்லிமீற்றர் மழைகூடப் பெய்வதில்லை. திருகோணமலையில் 1500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. ஆனால் நான் வேலை செய்யும் டோகாவில் குழாய் வற்றி ஒருநாளும் கண்டதில்லை. பிறந்த ஊரிலோ ஆவணி மாதத்தில் அக்கா விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பித் தண்ணி பிடிக்கிறா. இந்த முறை லீவில் போய் உப்புவெளியில் அக்கா வீட்டில் நின்றபோது மனதை அரித்துக்கொண்டே இருந்தது இதுதான்.

எங்கள் பக்கத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் பெய்து தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வைகாசியில் இருந்து கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று. மலைநாட்டுக்கு மழையைக் கொடுத்துவிட்டு, காய்ந்த வெறும் காற்றாக எங்களிடம் வந்து சேரும். முற்றத்து வேம்பைத் தவிர எல்லாம் வாடும். நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் உல்லாசப் பயணிகள் வருவது சரியாக அந்தக் காலத்தில்தான், கடல் அமைதியாக இருப்பதால். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனம் பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்து இறங்குவதும் அப்போதுதான். கிணறு ஆக அடியில் கிடக்கும் மாதங்களில் ஊரில் குளிக்கிற ஆட்கள் பெருகிவிடுகிறார்கள். மார்கழியில் குளங்கள் நிரம்பி வழியும்போது விருந்தாளி எவரும் இல்லை.

நகரத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் குழாய்த் தண்ணி ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கந்தளாய்க் குளத்தில் இருந்து வருகிறது. அந்தக் குளத்துக்கு வரும் தண்ணி அதைவிடத் தூரம் நடந்து வருகிறது. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் 1976 முதல் மகாவலி ஆறு மறிக்கப்பட்டு, சுரங்கம் வழியாக உக்குவெலை மின் நிலையத்தைச் சுழற்றிவிட்டு அம்பன் கங்கைப் பக்கம் திரும்புகிறது. அங்கிருந்து மொரகஹகந்த நீர்த்தேக்கம். அதுவும் மின்சாரம் எடுக்கும் இடம். பிறகு எலஹெர, மின்னேரியா வாய்க்கால்கள் வழியாகக் கந்தளாய். அதாவது, அக்கா வீட்டுக் குழாயில் சொட்டும் தண்ணியில் ஒரு பங்கு மலையில் கரண்ட் தந்துவிட்டு, கீழே நெல்லுக்கும் பங்கு கொடுத்துவிட்டு, கடைசியாக எங்களிடம் வருவது. கந்தளாய், தம்பலகாமத்து விவசாயிகளின் சிறுபோகமும், அதாவது வெயில் காலத்து நெல்லும், இதே குளத்தை நம்பித்தான். வரட்சி வருடத்தில் எந்த வயலுக்கு, எந்த வீட்டுக்கு, எந்த மின் நிலையத்துக்கு என்று ஒரே தண்ணியைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. 2023 ஆடி, ஆவணியில் சமனலவெவ நீர்த்தேக்கத்துத் தண்ணியை உடவளவ விவசாயிகளுக்குத் திறப்பதா, தெற்கின் மின்சாரத்துக்கு வைத்திருப்பதா என்று நாடே வாதிட்டது. அந்த வாதம் எங்கள் குழாய்க்குள்ளும் உண்டு.

குழாயில் வேகம் இல்லை. பகலில் எல்லோரும் திறப்பதால் நூல் மாதிரி வரும். நடுச்சாமத்துக்குப் பிறகுதான் நிலத்தடித் தொட்டிக்குள் விழும் சத்தம் கேட்கும். அதை மோட்டர் போட்டு மேலே தாங்கிக்கு ஏற்ற வேண்டும். பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு வோல்ட் குறைந்து மோட்டர் உறுமும், ஆனால் ஏற்றாது. வற்புறுத்தி ஓடவிட்டால் சுருள் எரிந்து போகும். அதனால்தான் மூன்று மணி. தண்ணியும் இருக்கும், வோல்ட்டும் இருக்கும் ஒரே நேரம் அது. நான் நின்றபோது ஒரு காலையில் கரண்ட் போனது. லைனில் வேலை என்று சொன்னார்கள். முன்கூட்டி அறிவித்தார்களோ என்னவோ, எங்கள் ஒழுங்கைக்கு எவரும் சொல்லவில்லை. இரவு வரைக்கும் வரவில்லை. தொட்டி நிறையத் தண்ணி கிடந்தது, கழிவறையில் ஒரு சொட்டு இல்லை. அத்தானும் நானும் வாளியால் அள்ளினோம்.

“தண்ணி இல்லையெண்டு சொல்லாதை தம்பி, தண்ணி கிடக்கு. தூக்கத்தான் ஆள் இல்லை” என்றா அக்கா. அவவுக்கு முழங்கால் வருத்தம்.

அக்கா சொன்னது என் மனதில் தங்கிவிட்டது. டோகாவில் மின்சாரத்துக்கும் தண்ணிக்கும் ஒரே நிறுவனம், கஹ்ரமா. பில்லும் ஒன்று. கடல்நீரைச் சுத்திகரிக்காவிட்டால் குடிக்கத் தண்ணி இல்லை, எரிவாயுவும் கரண்டும் இல்லாவிட்டால் சுத்திகரிப்பு இல்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் 7 நாள் தேவைக்குத் தண்ணி சேமிக்கும் மாபெரும் நீர்த்தேக்கங்களைக் கட்டி 2018இல் திறந்தார்கள். அவர்களிடம் பணம் இருக்கிறது, எங்களிடம் இல்லை, அது உண்மைதான். ஆனால் லைனில் வேலை செய்யும் நாளில் எந்தப் பகுதிக்குத் தண்ணி திறக்கிறோம் என்று கரண்டுக்குப் பொறுப்பானவர்களும் தண்ணிக்குப் பொறுப்பானவர்களும் பேசிக்கொள்ளப் பணம் தேவையில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு போதும். மோட்டருக்குக் கரண்ட் இல்லாத நாளில் தண்ணி திறந்து என்ன பயன்?

கிணறுகளைப் பற்றி நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனெனில் வெளிநாட்டுக் காசு அதிகம் கெடுத்தது அவற்றைத்தான். எங்கள் கடற்கரை மணலில் மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழே உப்புநீரின் எல்லை காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி உயரக்கூடும் என்பது நிலத்தடிநீர் படித்தவர்களின் கணக்கு. துலாவாலும் கப்பி வாளியாலும் அள்ளிய காலத்தில் கிணறு தானாக ஊறி மீண்டது. மோட்டர் வந்ததும் ஒரு மணித்தியாலத்தில் ஒரு கிழமைத் தண்ணியை இழுக்கிறோம். பிறகு குழாய்க்கிணறு, அதற்குப் பிறகு அதைவிட ஆழமாக இன்னொன்று. இப்போது எங்கள் ஒழுங்கையில் பல வீட்டுக் கிணற்றில் தேத்தண்ணி வைக்க முடியாது. பாலை விட்டால் திரிந்துவிடும். அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு வெளிநாட்டுக்காரர் புதுவீடு கட்டி, முற்றம் முழுக்கக் கல் பதித்து, பழைய கிணற்றை மூடிப் பூச்சாடி வைத்திருக்கிறார். மார்கழி மழை அந்த முற்றத்தில் விழுந்து நேரே றோட்டுக்கு ஓடும். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மண்ணுக்குள் இறங்க வேண்டிய தண்ணி அது.

குச்சவெளிப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனேன். அங்கே குழாய் இன்னும் எட்டவில்லை. தண்ணி லொறியான பவுசர் வரும் என்று படலையடியில் நீலப் பரல்களும் கான்களும் வரிசையில் இருந்தன. மோட்டர் இல்லாத வீடு என்பதால் கரண்ட் போனாலும் தண்ணிக்கு மாற்றமில்லை, ஆனால் பவுசர் வராத நாளில் எதுவுமே இல்லை. குடிக்க, ஆர்.ஓ. இயந்திரத்தில் உப்பு நீக்கிய தண்ணியைக் காசுக்கு வாங்குகிறார்கள். அந்த இயந்திரமும் கரண்டில்தான் ஓடும். குழாய் உள்ள எங்களைவிட ஒரு லீற்றருக்கு அவர்கள் கொடுப்பது பல மடங்கு.

சம்பூருக்கும் போனேன். 2006இல் போரில் துரத்தப்பட்டு, கிளிவெட்டி முகாம்களில் வருடக்கணக்காகக் கிடந்து, 2015இலிருந்து திரும்பிய சனம். அவர்களின் மண்ணில் நிலக்கரி மின் நிலையம் கட்டும் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. இப்போது அங்கே 120 மெகாவாட் சூரிய மின் திட்டம், 2025 சித்திரையில் தொடக்கி வைக்கப்பட்டது. நிலக்கரிப் புகை இல்லாமல் போனதில் எனக்கு நிம்மதி. ஆனால் நாட்டுக்குக் கரண்ட் கொடுக்கப்போகும் ஊரில், முதலில் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் தண்ணி இறைக்கும் கரண்ட் தடையில்லாமல் வர வேண்டும். ஒரு பெரியவர் என்னிடம் கேட்டது அதை மட்டும்தான்.

ஊருக்குக் காசு அனுப்புகிறவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. “கூரையில சோலர் போட்டாச்சு, இனிக் கரண்ட் கட் பிரச்சினையில்லை” என்று பலர் நம்புகிறார்கள். மின் கம்பியோடு இணைத்த சாதாரண சோலர், கம்பியில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பற்றரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இல்லாவிட்டால் உச்சி வெயிலிலும் மோட்டர் ஓடாது. பில் குறையும், அது வேறு. 2022 ஆவணியில் 75 வீதமும் 2023 மாசியில் 66 வீதமும் கட்டணம் ஏறிய பிறகு, பில்லைக் குறைப்பதும் சின்ன விசயமில்லை. ஆனால் தண்ணிக்காகவே காசு செலவழிப்பதென்றால், பகலில் மட்டும் ஓடும் தனிச் சோலர் பம்பும் மேலே ஒரு பெரிய தாங்கியும் மலிவு. வெயில் இருக்கும்போது ஏற்றி வைத்தால் இரவுக்கும் போதும். அப்படிப் பம்ப் பூட்டுகிறவர்கள் சின்னதாகப் பூட்ட வேண்டும், மணல் கிணற்றில் பெரிய பம்ப் உப்பைத்தான் இழுக்கும்.

அக்கா வீட்டுக்கு நாங்கள் முடிவெடுத்தது மழைத்தொட்டி. கணக்கு எளிது. 100 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் 100 லீற்றர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லீற்றர் என்று வைத்தால், ஐந்து பேருக்கு ஐந்து மாதத்துக்கு 7500 லீற்றர். ஒரு நல்ல கார்த்திகை மழையிலேயே தொட்டி நிரம்பிவிடும். 10,000 லீற்றர் தொட்டி, மூடியோடு, கொல்லைப்புறத்தில் கட்டுகிறோம். கச்சான் காலத்துப் புழுதி கூரையில் படிந்திருக்கும் என்பதால் முதல் மழையை வெளியே விட ஒரு தனிக்குழாய். தொட்டியின் அடிப்பக்கத்திலேயே குழாய் இருப்பதால் மோட்டர் வேண்டாம். மிஞ்சி வழிவது பழைய கிணற்றுக்குப் பக்கத்தில் தோண்டும் குழிக்குள் இறங்கும். மேசன் வந்து அளந்துவிட்டார். புரட்டாதிக்குள் கட்டி முடித்து, ஐப்பசிக்கு முன்பு கூரைத் தண்ணியைப் பிடிக்கும் பீலி பூட்ட வேண்டும். காசில் பாதியை நான் கொடுக்கிறேன், மீதியை லண்டனில் இருக்கும் தங்கச்சி கொடுக்கிறாள்.