எங்கள் பின்வரிசை எம்.பி.யின் சேவை எப்படி? அலுவலகத்துக்கும் போய், ஹன்சாட்டும் (பாராளுமன்றப் பேச்சுகளின் அச்சுப் பதிவு) வாசித்து எழுதியது

அமைச்சுப் பதவி இல்லாத எம்.பி.யால் என்ன செய்ய முடியும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் கேட்பார்கள். இலங்கை மலையகத்தில் எம்.பி. என்றால் கூரைத் தகடு தருபவர், ரோட்டுக்குக் கொங்கிறீட் போடுபவர், பொடியனுக்கு ஒரு வேலை எடுத்துத் தருபவர் என்றுதான் பழகியிருக்கிறோம். மந்திரியாக இருந்தால் அதில் கொஞ்சம் நடக்கும். பின்வாங்கில் இருப்பவரிடம் போனால் கடிதத்தலைப்பில் ஒரு சிபாரிசு கிடைக்கும், அதோடு சரி.

அப்படிப் பின்வாங்கில் இருக்கும் ஒருவருடைய சேவையைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன். பெயரும் கட்சியும் எழுதவில்லை, எழுதினால் பேச்சு முழுக்கக் கட்சிப் பக்கம் போய்விடும், வேலையைப் பற்றி ஒருவரும் கதைக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மக்கள் சந்திப்பு, பாராளுமன்றத்தில் கேள்வியும் பேச்சும் என்று இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன், ஏனென்றால் முதலாவது ஒழுங்காக இல்லாவிட்டால் இரண்டாவது வெறும் சத்தம்தான்.

அலுவலகம் டவுனில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கம், ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. படி ரொம்பச் செங்குத்து, முழங்கால் வலியோடு வருகிற வயசானவர்கள் பாவம், கீழேயே ஒரு மேசை போட்டால் நல்லது. ஞாயிறு காலையில் திறக்கிறார்கள். அது நல்ல முடிவு, கிழமை நாளில் வந்தால் ஒரு பேர் (தோட்டத்தில் ஒரு நாள் வேலைக் கணக்கு) போய்விடும், பேர் போனால் அந்த நாள் சம்பளம் போய்விடும். பிளேன்டீ ஊற்றித் தருகிறார்கள், ஆட்களை நிற்க வைப்பதில்லை.

எனக்குப் பிடித்தது அங்கே இருக்கும் பெரிய சீ.ஆர். கொப்பி. எம்.பி.யைப் பார்ப்பதற்கு முன்னால் செயலாளர் தங்கச்சி ஒருவர் அதில் எழுதுகிறார். குறையைச் சொல்லத் தொடங்கியதுமே நிறுத்தி, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் (தோட்டப் பிரிவு), எத்தனையாம் நம்பர் லயம் (தொழிலாளர் வரிசை வீடு), எத்தனை குடும்பம், எப்போதிலிருந்து, இதுவரை யாரிடம் சொன்னீர்கள், அவர் எழுத்தில் ஏதும் தந்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். சிலருக்கு எரிச்சல் வருகிறது. ஒரு அண்ணன் “ஐயாவப் பாக்க வந்தா பொலிஸ்ல மாதிரி கேக்குறாங்களே” என்று முணுமுணுத்தார். ஆனால் இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விவரம்தான் பிறகு பாராளுமன்றத்துக்குள் போகிறது. “எங்க பக்கம் ரோடு சரியில்லை” என்று ஒரு மந்திரியிடம் கேட்டால் “கவனத்தில் எடுக்கிறோம்” என்று முடித்துவிடுவார். தோட்டத்தின் பெயரும், பிரிவும், திகதியும், குடும்பக் கணக்கும் இருந்தால் அப்படி நழுவ முடியாது.

எல்லாவற்றையும் பாராளுமன்றத்துக்கு இழுக்காமல் இருப்பதும் நல்ல விஷயம். நான் இருந்தபோது ஓய்வு பெற்ற ஒரு அம்மா வந்திருந்தார். அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதிப் பதிவில் வேறொரு பெயர், தோட்டத்துக் கிளாக்கர் எந்தக் காலத்திலோ காதில் விழுந்தபடி எழுதியது. “செத்தப்புறம் வந்தா எனக்கு என்னாத்துக்குங்கய்யா?” என்று கேட்டார். எம்.பி. இதைச் சபையில் பேசுகிறேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. இது லேபர் ஆபீசில் முடிகிற காரியம், இன்னின்ன கடதாசி வேண்டும் என்று சொல்லி, கூடப் போக ஒரு பொடியனையும் ஏற்பாடு பண்ணினார். அங்கேயும் முடியாவிட்டால் பொது மனுக்கள் குழுவுக்கு மனுவாகக் கொடுக்கலாம் என்றார். இது நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாது: அரச அலுவலகத்தில் அநியாயம் நடந்தால், தனி ஆளாகவே ஒரு எம்.பி. மூலமாக அந்தக் குழுவுக்கு மனுக் கொடுக்கலாம். மந்திரியாக இருக்கத் தேவையில்லை, எந்த எம்.பி.யும் சமர்ப்பிக்கலாம்.

சரி, பாராளுமன்றத்து வேலைக்கு வருவோம். 225 பேர் இருக்கும் சபை அது. பின்வரிசைக்காரருக்குக் கட்சிக் கொறடா பிரித்துக் கொடுக்கும் சில நிமிடங்கள்தான் பேச்சுக்கு. அதனால் நான் பேச்சைவிட வாய்மூல விடைக்கான கேள்விகளைத்தான் தேடித் தேடி வாசித்தேன். ஹன்சாட் பாராளுமன்ற இணையத்தளத்தில் பி.டி.எஃப். ஆக வருகிறது, யாரும் இறக்கி வாசிக்கலாம். டித்வா புயலில், 2025 நவம்பர் கடைசியில், எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்குப் போகும் பாலம் அடித்துப் போனது. பதுளை, நுவரெலியா, கண்டி என்று மலை முழுக்கச் சரிந்து கிடந்த நேரத்தில் ஒரு சின்னப் பாலத்தை யார் நினைப்பார்கள். அதைப் பற்றி அவர் கேட்ட கேள்வி சுருக்கமாக இப்படி: (அ) அந்தப் பாலம் உடைந்திருக்கிறது என்பதை அமைச்சர் அறிவாரா? (ஆ) அதைத் திருத்தும் பொறுப்பு தோட்டக் கம்பனியுடையதா, பிரதேச சபையுடையதா, வேறு நிறுவனத்தினுடையதா என்பதை இச்சபைக்கு அறிவிப்பாரா? (இ) இன்றேல், ஏன்?

அந்த (ஆ) பகுதிக்காகவே நான் அவருக்குக் கூடப் புள்ளி போடுவேன். மலையகத்தில் வாழ்ந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். தோட்டத்துரையிடம் போனால் பிரதேச சபைக்குப் போ என்பார், சபையில் கேட்டால் அது தோட்டத்துக் காணி, நாங்கள் கை வைக்க முடியாது என்பார்கள். பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டி வருஷக்கணக்காகத் தோட்டங்களுக்குக் காசு செலவழிக்காமல் விட்டார்கள், 2018 இல் அதைத் திருத்திய பிறகும் பழக்கம் முழுக்கப் போகவில்லை. இன்னார்தான் பொறுப்பு என்று ஒரு அமைச்சரின் வாயால் சொல்ல வைத்து அதை அச்சில் ஏற்றினால், அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போகலாம். பாலம் விஷயத்திலும் பதில் வந்தது: ஒரு நிறுவனத்தின் பொறுப்பு என்று பெயர் சொல்லி, நிதி கிடைத்ததும் செய்யப்படும் என்று.

ஒரு கேள்விக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேனா என்று இளம் பிள்ளைகள் நினைக்கலாம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த வருஷம் வாக்குரிமையும் பறிபோனது, 1952 தேர்தலில் தோட்டத்து மக்களின் பெயரால் ஒருவரும் உள்ளே போகவில்லை. மறுபடி மக்கள் வாக்கால் சௌமியமூர்த்தி தொண்டமான் போனது 1977 இல், நுவரெலியா மஸ்கெலியாவின் மூன்றாவது உறுப்பினராக. இடைப்பட்ட காலத்தில் எங்கள் தாத்தாமார் கொழுந்து பறித்துத் தேயிலை ஏற்றுமதி பண்ணி நாட்டுக்கு டொலர் கொண்டுவந்தார்கள், தங்கள் வாக்கால் அனுப்பிய ஒருவரைக் கொண்டு சபையில் ஒரு வார்த்தை கேட்க வழி இல்லை. ஆகவே அந்தக் கதிரையில் உட்கார்ந்து ஒரு நாளைச் சும்மா கழிப்பவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் எனக்குக் கோபம் வரும்.

தேசியப் பிரச்சினைகளில் இவர் எப்படி என்றால், என் எதிர்பார்ப்பைவிட நல்லாவே செய்கிறார். மலையகத்து எம்.பி. சம்பளத்தைத் தவிர வேறு எதுவும் பேசக்கூடாது என்பது போல ஒரு நினைப்பு தெற்கிலும் இருக்கிறது, எங்களுக்குள்ளும் இருக்கிறது. இவர் பொருளாதார விவாதத்தில் 2021 உரத் தடையை எடுத்துப் பேசினார். இரசாயன உரம் நின்றது, கொழுந்து குறைந்தது, கொழுந்து குறைய நிறுவை காணாமல் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்தது, அரைப்பேர் விழுந்த வீட்டில் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு நின்றது. கொழும்பில் எடுக்கிற ஒரு முடிவு மலையில் எந்த லயத்துக் காம்பராவுக்குள் போய் விழுகிறது என்று இப்படி வரிசையாகச் சொன்ன பேச்சு எனக்கு வேறு ஞாபகம் இல்லை.

சம்பளத்திலும் அவருடைய கோணம் சரியானது. நாள் சம்பளம் 2021 இல் 1,000 ரூபாய், 2024 இல் 1,350, 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 உம் அரசு தரும் வருகை ஊக்குவிப்பு 200 உம் சேர்த்து 1,750 என்று அறிவித்தார்கள். ரேடியோவில் கேட்பவர்களுக்கு இந்த இலக்கம் பெரிசாகத் தெரியும். மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுக்கிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. நாள் சம்பளத்தைக் கூட்டி நாளைக் குறைத்தால் மாதக் கடைசியில் கைக்கு வருவது பழைய காசுதான். கம்பனி வாரியாக, மாத வாரியாக வேலை நாள் கணக்கைத் தாருங்கள் என்று அவர் கேட்டார். பதில் சொல்ல அமைச்சு அவகாசம் எடுத்தது, பிறகு சபாபீடத்தில் (சபையின் மேசையில்) சமர்ப்பித்தார்கள். கேட்டிருக்காவிட்டால் அந்தக் கணக்கு வெளியே வந்திருக்காது.

மாகாண சபை பற்றியும் விடாமல் பேசுகிறார். மத்திய மாகாணத்தில் கடைசித் தேர்தல் 2013 இல், ஊவாவில் 2014 இல். தோட்டப் பாடசாலைகளில் அநேகமானவை மாகாணத்தின் கீழ்தான் இருக்கின்றன. கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்று பாராளுமன்றத்தில் கேட்டால் அது மாகாணத்துக்குரிய விடயம் என்று பதில் வரும், மாகாணத்தில் கேட்க ஒரு உறுப்பினர் இல்லை. பெற்றோர் எங்கே போய் நிற்பது?

இனிக் குறைகள். இதை அவருக்கும் நேரில் சொல்லியிருக்கிறோம், அதனால் எழுதத் தயக்கம் இல்லை.

முதலாவது, பதில் எங்களிடம் திரும்பி வருவதில்லை. கேள்வி கேட்டது தெரியும், ஏனென்றால் மறுநாளே பாட்டுப் போட்டு, வெட்டி ஒட்டி, வீடியோ ஃபேஸ்புக்கில் வந்துவிடும். அதில் அவர் கேட்பது இருக்கும், அமைச்சர் சொன்னது இருக்காது. மேல் டிவிஷன் ஆட்களுக்குத் தேவை அந்த இரண்டாவது பாதிதான். பாலத்துக்கான பதிலை ஹன்சாட்டில் தேடி எடுத்து பிரிண்ட் அடித்து அவர்களிடம் கொடுத்தது எங்கள் வாசிகசாலைப் பொடியன்கள். இது அலுவலகம் செய்திருக்க வேண்டிய வேலை. கொப்பியில் ஒவ்வொருவரின் தொலைபேசி இலக்கமும் இருக்கிறது, பதில் வந்த அன்று ஒரு வட்ஸ்அப் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

இரண்டாவது இதைவிடப் பெரிய குறை. “நிதி கிடைத்ததும்” என்ற பதிலோடு அவர் நின்றுவிடுகிறார். எப்போது கிடைக்கும், எவ்வளவு மதிப்பீடு, வேலைக்கு யார் பொறுப்பதிகாரி என்று அங்கேயே மேலதிகக் கேள்வி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. சில மாதம் விட்டு அதே விஷயத்தைத் திரும்பக் கேட்கலாம், அதையும் நான் காணவில்லை. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அந்தப் பதிலை மேசையில் வைத்து அதிகாரிகளைக் கேட்கலாம். புதுப் புதுக் கேள்வி கேட்பதில் காட்டும் உற்சாகத்தில் பாதியைப் பழைய கேள்வியைத் துரத்துவதில் காட்டினால் இவர் வேறு தரத்துக்குப் போய்விடுவார். பாலம் இன்னும் உடைந்துதான் கிடக்கிறது, பிள்ளைகள் இரண்டு மரக்குற்றி மேல் கடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள்.

மொழி விஷயத்தில் எனக்கே ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. தமிழில் பேசுகிறார், அமைச்சர்கள் காதுக்கருவியில் மொழிபெயர்ப்புக் கேட்கிறார்கள், ஆனால் சூடான நேரத்தில் சிங்களத்துக்கு மாறிவிடுவார். சிங்களத்தில் கேட்டால் பதிலும் உடனே, நேரே வருகிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹன்சாட்டில் பேசிய மொழியிலேயே அச்சாகும், ஆகவே முக்கியமான வாக்குவாதம் எங்கள் அம்மாமாருக்கு வாசிக்கக் கிடைப்பதில்லை. குறைந்தது அந்தப் பகுதிக்காவது ஒரு தமிழ்ச் சுருக்கம் போடலாம்.

பேச்சு நேரத்தையும் பார்த்துச் செலவழிக்க வேண்டும். வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் கிடைத்த கொஞ்ச நிமிடத்தில் தலைவருக்கு நன்றி, மாவட்ட மக்களுக்கு நன்றி, முன்னோருக்கு அஞ்சலி என்று போய், லயத்துக்காரருக்குப் புயல் இழப்பீடு எந்த அடிப்படையில் என்ற விஷயத்துக்கு வரும்போது மணி அடித்துவிட்டது. சொந்தக் காணி இல்லாதவனுக்கு வீடு இடிந்தால் உரிமையாளர் என்று யாரை எழுதுவார்கள் என்பதுதான் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அது தொண்டைக்குள்ளேயே நின்றுபோனது.

புள்ளி போடச் சொன்னால் அலுவலகத்துக்கு 5 இல் 4, கேள்விகளுக்கு 4, தொடர்ந்து துரத்துவதற்கு 1.

போகிறவர்களுக்கு: அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகர் பிரிவின் பெயர், திகதி தெரிகிற படம் இரண்டு மூன்று, இதற்கு முன் கொடுத்த கடிதங்களின் பிரதி எல்லாம் கொண்டு போங்கள். தனி ஆளாகப் போகாமல் டிவிஷனில் நாலைந்து பேர் கையெழுத்தோடு போனால் கொப்பியில் பொதுப் பிரச்சினையாக ஏறும். வரும்போது கொப்பியில் உங்கள் பதிவு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், கேட்டால்தான் தருகிறார்கள். அமர்வு வாரங்களில் அவர் கொழும்பில் நிற்பார், அந்த ஞாயிறுகளில் சந்திப்பு நடக்கிறதா என்று முதலில் கோல் எடுத்துக் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.